லிப்பிட், கொழுப்பு, கொழுப்பு அமிலம்: எது எது, உடம்புக்கு எதற்கு?

கேட்கப்பட்ட கேள்வி இது: "லிப்பிட், கொழுப்பு, கொழுப்பு அமிலம், கொலஸ்ட்ரால் எல்லாம் ஒன்றுதானா? நிறைவுற்றது, நிறைவுறாதது, ஒமேகா-3 என்றெல்லாம் எதை வைத்துப் பிரிக்கிறார்கள்? கொழுப்பே இல்லாமல் சாப்பிட்டால் உடம்புக்கு நல்லதுதானே?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நல்லதில்லை. கொழுப்பை அறவே நீக்கினால் என்ன ஆகும் என்று 1929-லேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதியர் எலிகளுக்குக் கொழுப்பு துளியும் இல்லாத உணவைக் கொடுத்து வளர்த்தார்கள். சர்க்கரை, புரதம், உப்புகள், அன்றைக்குத் தெரிந்திருந்த வைட்டமின்கள் எல்லாம் அந்த உணவில் இருந்தன. இருந்தும் எலிகளின் வளர்ச்சி நின்றது. தோலும் வாலும் செதில் செதிலாக உரிந்தன. சிறுநீரகம் கெட்டது, பல எலிகள் செத்தும் போயின. லினோலெயிக் அமிலம் என்ற ஒரு கொழுப்பு அமிலம் உள்ள கொழுப்பைச் சிறிதளவு கொடுத்ததும் நோயுற்றவை தேறின. கொழுப்பு வெறும் எரிபொருள், தேவையானதை உடம்பே சர்க்கரையிலிருந்து செய்துகொள்ளும் என்பதுதான் அதுவரை இருந்த நம்பிக்கை. அந்த எலிகள்தான் அதை மாற்றின. உடம்பால் செய்ய முடியாத, உணவில் வந்தே தீரவேண்டிய கொழுப்பு அமிலங்கள் உண்டு என்று அப்போதுதான் தெரிந்தது.

ஏன் செய்ய முடியாது என்பதைப் புரிந்துகொள்ள, கொழுப்பு அமிலம் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும். பெயர்களிலிருந்து தொடங்குவோம்.

புரதம் என்றால் அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி, மாவுச்சத்து என்றால் சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த சங்கிலி. லிப்பிட்டுக்கு இப்படி ஒரு பொது வடிவம் கிடையாது. நீரில் கரையாமல் ஈதர், குளோரோஃபார்ம் போன்ற கரைப்பான்களில் கரைகிற உயிர்ப் பொருட்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து வைத்த பெயர்தான் லிப்பிட். அதனால்தான் ஒன்றுக்கொன்று துளியும் சாயல் இல்லாதவை இந்தக் குடும்பத்தில் இருக்கின்றன. சமையல் எண்ணெய், தேன்மெழுகு, செல்லைச் சுற்றியுள்ள சவ்வு, கொலஸ்ட்ரால், வைட்டமின் டி எல்லாமே லிப்பிட்தான். கொழுப்பு என்று நாம் பேச்சில் சொல்வது இவற்றில் ஒரே ஒரு வகை. அதன் பெயர் டிரைகிளிசரைடு. எண்ணெயும் அதேதான். சாதாரண வெப்பத்தில் திரவமாக இருந்தால் எண்ணெய் என்கிறோம், கெட்டியாக இருந்தால் கொழுப்பு என்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

டிரைகிளிசரைடு என்பது மூன்று பற்கள் கொண்ட ஒரு சீப்பு மாதிரி. சீப்பின் முதுகு கிளிசரால் என்ற சிறிய மூலக்கூறு. மூன்று பற்களும் மூன்று கொழுப்பு அமிலங்கள். கொழுப்பில் இந்த இரண்டும் சேர்ந்திருப்பதைக் கண்டுபிடித்தவர் மிஷேல் செவ்ரோல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். சோப்பை எடுத்து அமிலம் சேர்த்துப் பிரித்துப் பார்த்து, கொழுப்புக்குள் அமிலங்களும் கிளிசராலும் இருக்கின்றன என்று நிறுவினார். ஆண்டுக் கணக்கில் செய்த அந்த ஆய்வுகளை 1823-இல் நூலாக வெளியிட்டார். கொழுப்பைக் காரத்தோடு சேர்த்துக் காய்ச்சினால் பற்கள் முதுகிலிருந்து கழன்றுவிடும். கழன்ற அமிலம் காரத்தோடு சேர்ந்தால் சோப்பு, மிஞ்சுவது கிளிசரின். உங்கள் குடலுக்குள்ளும் ஏறக்குறைய இதே வேலைதான் நடக்கிறது. அங்கே காரத்துக்குப் பதில் நொதி.

சரி, ஒரு பல்லை மட்டும் தனியே எடுத்துப் பார்ப்போம். கொழுப்பு அமிலம் என்பது கார்பன் அணுக்கள் வரிசையாகக் கைகோத்து நிற்கும் ஒரு நீளமான சங்கிலி. ஒரு முனையில் அமிலத் தொகுதி. அது தண்ணீரோடு ஒட்டும். மற்ற நீளம் முழுக்கக் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே. அது தண்ணீரை விட்டு விலகும். உணவில் வருபவை பெரும்பாலும் 4 முதல் 22 கார்பன் வரை நீளம் கொண்டவை. எண்ணிக்கை கிட்டத்தட்ட எப்போதும் இரட்டைப்படையாகவே இருக்கும், ஏனென்றால் உயிர்கள் இந்தச் சங்கிலியை இரண்டிரண்டு கார்பனாகச் சேர்த்துத்தான் கட்டுகின்றன.

ஒவ்வொரு கார்பனுக்கும் நான்கு கைகள். சங்கிலியில் உள்ள எல்லா கார்பனும் தன்னால் பிடிக்க முடிந்த அளவு ஹைட்ரஜனைப் பிடித்திருந்தால் அது நிறைவுற்றது. எங்காவது இரண்டு அடுத்தடுத்த கார்பன்கள் ஆளுக்கொரு ஹைட்ரஜனை விட்டுவிட்டுத் தங்களுக்குள் இரண்டாவது கையையும் கோத்துக்கொண்டால், அங்கே ஓர் இரட்டைப் பிணைப்பு வரும். அது நிறைவுறாதது. இப்படி ஓர் இடம் இருந்தால் ஒற்றை நிறைவுறா அமிலம், இரண்டு அல்லது அதற்கு மேல் இருந்தால் பல நிறைவுறா அமிலம்.

இதில் முக்கியமானது ஹைட்ரஜன் கணக்கு இல்லை, வடிவம். நிறைவுற்ற சங்கிலி நேராக நீட்டி நிற்கும். இயற்கையில் வரும் இரட்டைப் பிணைப்பு பெரும்பாலும் சிஸ் வகை, அதாவது அந்த இடத்தில் சங்கிலி முழங்கை மடக்கியது போல வளைந்துவிடும். நேரான குச்சிகளை ஒரு கட்டாக நெருக்கிக் கட்டலாம், வளைந்த குச்சிகளைக் கட்டவே முடியாது. மூலக்கூறுகளும் அப்படித்தான். 18 கார்பன் கொண்ட நான்கு அமிலங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஸ்டீயரிக் அமிலத்தில் வளைவே இல்லை, அது உருக 69 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஒலெயிக் அமிலத்தில் ஒரு வளைவு, 13 டிகிரி அளவிலேயே உருகிவிடும். லினோலெயிக்கில் இரண்டு, சுழியத்துக்குக் கீழே 5 டிகிரி. ஆல்ஃபா லினோலெனிக்கில் மூன்று, சுழியத்துக்குக் கீழே 11. நீளம் ஒன்றுதான். முதல் வளைவு ஒன்று வந்ததுமே 50 டிகிரிக்கும் மேல் இறங்கிவிடுகிறது. முதன்முதலில் இந்த எண்களை வரிசையாகப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் போகவில்லை.

நீளமும் கணக்கில் வரும். சங்கிலி குட்டையானால் உருகுநிலை இறங்கும். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு அமிலங்கள். ஆனாலும் 24 டிகிரிக்கு மேல் அது திரவம், ஏனென்றால் அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைய 12 கார்பன் மட்டுமே உள்ள லாரிக் அமிலம். எந்தப் பல் சீப்பில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் கணக்கில் வரும். கோகோ வெண்ணெயில் பெரும்பாலான மூலக்கூறுகளில் இரு ஓரங்களிலும் நிறைவுற்ற அமிலம், நடுவில் ஒலெயிக். ஏறக்குறைய எல்லா மூலக்கூறும் ஒரே அச்சில் இருப்பதால் மொத்தமும் ஒரே சமயத்தில், 34 டிகிரி சுற்றில் உருகுகிறது. சாக்லேட் கையில் கெட்டியாக இருந்து வாயில் போட்டதும் கரைவது இதனால்தான்.

உடம்பு இந்த வடிவ வித்தியாசத்தைப் பயன்படுத்தும் முக்கியமான இடம் செல் சவ்வு. அங்கே இருப்பது டிரைகிளிசரைடு இல்லை, அதன் உறவுக்காரரான பாஸ்போலிப்பிட். சீப்பின் மூன்று பற்களில் ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பாஸ்பேட் உள்ள ஒரு தலையை ஒட்டவைத்தது போல. தலை தண்ணீரை விரும்பும், இரண்டு வால்களும் விலகும். இப்படிப்பட்ட மூலக்கூறுகளைத் தண்ணீரில் போட்டால் யாரும் சொல்லித்தராமலே இரண்டு அடுக்காகச் சேர்ந்துகொள்ளும். தலைகள் வெளியே, வால்கள் உள்ளே. 1925-இல் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இருவர் இரத்தச் சிவப்பணுக்களிலிருந்து லிப்பிட்டைப் பிரித்தெடுத்துத் தண்ணீர் மேல் ஒரே அடுக்காகப் பரப்பினார்கள். அது பிடித்த பரப்பு, அந்த அணுக்களின் மொத்தப் பரப்பைப் போல இரண்டு மடங்கு இருந்தது. சவ்வு இரட்டை அடுக்கு என்பதற்கு அதுவே முதல் சான்று. இந்தச் சவ்வு கெட்டிப்படவும் கூடாது, ஒழுகிப்போகவும் கூடாது. அதற்காகத்தான் வளைந்த வால்களும் நேரான வால்களும் கலந்திருக்கின்றன. குளிர்ந்த கடலில் வாழும் மீன்களின் உடலில் பல வளைவு கொண்ட அமிலங்கள் நிறைய இருப்பதற்கு ஒரு காரணமும் இதுவே. நேரான வால்கள் மட்டும் இருந்தால் அந்தக் குளிரில் சவ்வு இறுகிவிடும்.

அப்புறம் சேமிப்பு. ஒரு கிராம் கொழுப்பு எரிந்தால் 9 கிலோகலோரி, மாவுச்சத்தும் புரதமும் ஒவ்வொன்றும் சுமார் 4. கொழுப்பின் கார்பன்கள் இன்னும் ஆக்சிஜனோடு சேரவில்லை, மாவுச்சத்தின் கார்பன்கள் ஏற்கெனவே பாதி சேர்ந்துவிட்டன. பாதி எரிந்த விறகில் கிடைக்கும் சூடு குறைவுதானே. இன்னொரு லாபமும் உண்டு. உடம்பு மாவுச்சத்தை கிளைக்கோஜனாகச் சேமிக்கும்போது அதன் எடையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு தண்ணீரையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். கொழுப்புக்குத் தண்ணீர் வேண்டாம். நம் உடம்பில் கிளைக்கோஜன் சில நூறு கிராம்தான், ஒரு நாள் தேவைக்கே போதாது. கொழுப்போ ஒல்லியானவர்களிடம்கூட வாரக் கணக்கில் தாங்கும் அளவுக்கு இருக்கும்.

இனி ஒமேகா. சங்கிலியின் அமில முனையிலிருந்து எண்ணாமல் மறுமுனையிலிருந்து, அதாவது வால் நுனியிலிருந்து எண்ணினால், முதல் இரட்டைப் பிணைப்பு எத்தனையாவது கார்பனில் வருகிறதோ அதுதான் ஒமேகா எண். மூன்றாவதில் வந்தால் ஒமேகா-3, ஆறாவதில் வந்தால் ஒமேகா-6, ஒன்பதாவதில் வந்தால் ஒமேகா-9. ஏன் வாலிலிருந்து எண்ண வேண்டும்? நம் உடம்பு கொழுப்பு அமிலத்தை நீட்டுவதும் அதில் புது வளைவுகள் போடுவதும் தலைப் பக்கத்தில்தான். வால் பக்கம் அதன் கை எட்டாது. அமில முனையிலிருந்து ஒன்பதாவது கார்பனைத் தாண்டி இரட்டைப் பிணைப்பு போடும் நொதி மனித உடம்பில் கிடையாது. செடிகளிடம் இருக்கிறது. ஆகவே உணவில் ஒமேகா-6 ஆக வந்தது எத்தனை முறை மாற்றப்பட்டாலும் ஒமேகா-6 ஆகவே இருக்கும், ஒமேகா-3 ஆக மாறாது. அந்த எலிகள் சர்க்கரையிலிருந்து கொழுப்பு செய்துகொண்டும் பிழைக்கவில்லையே, அதற்குக் காரணம் இதுதான். அவை செய்துகொண்ட எந்தக் கொழுப்பிலும் வால் நுனிக்கு அருகில் வளைவு இல்லை.

இப்படி உணவில் வந்தே ஆகவேண்டியவை இரண்டு. ஒமேகா-6 குடும்பத்தின் லினோலெயிக் அமிலம், ஒமேகா-3 குடும்பத்தின் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம். முதலாவது சூரியகாந்தி, சோயா, மக்காச்சோள எண்ணெய்களில் ஏராளம். இரண்டாவது ஆளிவிதை, சியா, வால்நட்டில் நிறைய இருக்கிறது. ஆளிவிதை எண்ணெயில் பாதிக்கு மேல் அதுதான். இவற்றை உடம்பு நீட்டி, வளைத்து வேறு அமிலங்களாக மாற்றிக்கொள்ளும். லினோலெயிக்கிலிருந்து 20 கார்பன் கொண்ட அராக்கிடோனிக் அமிலம் வரும். ஆல்ஃபா லினோலெனிக்கிலிருந்து ஈ.பி.ஏ என்ற அமிலம், பிறகு 22 கார்பனும் ஆறு வளைவும் கொண்ட டி.எச்.ஏ என்ற அமிலம். மூளையிலும் விழித்திரையிலும் டி.எச்.ஏ மிகுதி. ஒரே சிக்கல், இந்த இரண்டாவது பாதை நம் உடம்பில் மிகவும் மெதுவானது. சாப்பிட்ட ஆல்ஃபா லினோலெனிக்கில் நூற்றுக்குச் சில பங்குதான் ஈ.பி.ஏ ஆகும், டி.எச்.ஏ ஆவது அதைவிடவும் குறைவு. இரண்டு குடும்பங்களும் அதே நொதிகளுக்குப் போட்டி போடுவதால் ஒமேகா-6 மிக அதிகமானால் ஒமேகா-3-க்கு இன்னும் இடம் குறையும். எண்ணெய்ச் சத்து மிகுந்த மீன் சாப்பிடுகிறவர்களுக்கு ஈ.பி.ஏ, டி.எச்.ஏ நேரடியாகவே கிடைத்துவிடும். மீனும் அதைப் பெரும்பாலும் தானாகச் செய்வதில்லை. கடலின் நுண்பாசிகள் செய்கின்றன, அவற்றைத் தின்னும் உயிர்கள் வழியாக மீனுக்கு வருகிறது. ஆகவே மீன் சாப்பிடாதவர்களுக்கு அந்தப் பாசியிலிருந்தே எடுத்த எண்ணெய் ஒரு நேர்மையான மாற்று.

ஒமேகா-6 என்றாலே வீக்கம் உண்டாக்கும், விஷம் என்று பேசுவதை நான் ஏற்கவில்லை. அந்தப் பேச்சு முளைத்த இடம் தெரிகிறது. அராக்கிடோனிக் அமிலத்திலிருந்து உடம்பு புரோஸ்டாகிளாண்டின் போன்ற செய்திக் கடத்திகளைச் செய்கிறது. காய்ச்சல், வலி, வீக்கம் ஆகியவற்றில் அவற்றுக்குப் பங்கு உண்டு. ஆஸ்பிரின் வேலை செய்வதே அவை உருவாவதைத் தடுத்துத்தான். இதையெல்லாம் வெளிப்படுத்தியதற்காக பெர்க்ஸ்ட்ரோம், சாமுவேல்சன், வேன் மூவருக்கும் 1982-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அதே குடும்பத்துப் பொருட்கள்தான் வயிற்றின் உள்சுவரைக் காக்கின்றன, பிரசவத்தில் கருப்பையைச் சுருங்க வைக்கின்றன. லினோலெயிக் அமிலம் கூடுதலாகச் சாப்பிட்டவர்களைச் சோதித்த ஆய்வுகளில் இரத்தத்தில் வீக்கத்தின் குறியீடுகள் உயரவில்லை, எல்.டி.எல் (கெட்ட கொலஸ்ட்ரால் என்று பேச்சில் சொல்வது) இறங்கவே செய்தது. ஒமேகா-3 பலருக்குக் குறைவாக இருக்கிறது என்பது உண்மை. அதைக் கூட்டுவதுதான் வழி, மற்றதைக் கண்டு பயப்படுவது இல்லை.

கொலஸ்ட்ரால் பற்றிக் கேட்டிருந்தார்கள். அது கொழுப்பு அமிலமும் இல்லை, டிரைகிளிசரைடும் இல்லை. நான்கு வளையங்கள் ஒட்டிய, தட்டையான ஒரு மூலக்கூறு. அதை எரித்துச் சக்தி எடுக்க உடம்பால் முடியாது. செல் சவ்வை இறுக்கமாகவும் இளக்கமாகவும் சரியான பதத்தில் வைப்பதற்கும், பித்த அமிலங்கள், பாலுணர்வு ஹார்மோன்கள், கார்டிசோல், வைட்டமின் டி செய்வதற்கும் அது தேவை. தேவையானதில் பெரும்பகுதியை உடம்பே செய்துகொள்கிறது. உணவில் அதிகம் வந்தால் பலருக்கு உள்ளே செய்வது குறைந்துவிடும்.

எண்ணெய்ப் பசையுள்ள எதுவும் இரத்தத்தில் தனியாகப் போக முடியாது. புரதமும் பாஸ்போலிப்பிட்டும் சேர்ந்து கட்டிய சிறு உருண்டைகளில் ஏறித்தான் பயணம். எல்.டி.எல், எச்.டி.எல் என்பவை அந்த உருண்டைகளின் பெயர்கள். இரண்டு விதக் கொலஸ்ட்ரால் என்று எதுவும் கிடையாது, மூலக்கூறு ஒன்றேதான், ஏறிவரும் வண்டிகள்தான் வேறு. எல்.டி.எல் இரத்தத்தில் அதிக நாள் சுற்றினால் தமனிச் சுவருக்குள் புகுந்து படியும். அதைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் கல்லீரலில் இருக்கின்றன. பரம்பரையாக இந்த ஏற்பிகள் இல்லாமல் பிறந்த குழந்தைகளுக்குச் சிறுவயதிலேயே மாரடைப்பு வந்தது. ஏன் என்று தேடிப்போன மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டைனும்தான் இந்த ஏற்பியைக் கண்டுபிடித்து 1985-இல் நோபல் பெற்றார்கள். நிறைவுற்ற கொழுப்பு அதிகமாகும்போது கல்லீரலில் இந்த ஏற்பிகளின் வேலை குறைகிறது, எல்.டி.எல் இரத்தத்தில் தேங்குகிறது. பெரும்பாலானவர்களுக்கு உணவில் உள்ள கொலஸ்ட்ராலைவிட நிறைவுற்ற கொழுப்பே எல்.டி.எல்-ஐ அதிகம் உயர்த்துவது இதனால்தான்.

செரிமானத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பித்தநீர் கொழுப்பைச் சிறு துளிகளாக உடைக்கும், கணையத்தின் லைப்பேஸ் நொதி சீப்பின் இரு ஓரப் பற்களைக் கழற்றும். குடல் சுவருக்குள் போன பிறகு மறுபடியும் சீப்பாகக் கோத்து, நிணநீர் வழியாக இரத்தத்துக்கு அனுப்பும். ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் இந்தக் கொழுப்போடு தொற்றிக்கொண்டுதான் உள்ளே வரும். கேரட், கீரையில் உள்ள கரோட்டினும் அப்படியே. ஒரு சொட்டு எண்ணெயும் இல்லாமல் சாப்பிட்டால் அதில் பெரும்பகுதி சேராமலே வெளியேறிவிடும். 10 கார்பனும் அதற்குக் குறைவும் உள்ள அமிலங்கள் மட்டும் நிணநீர் வழி போகாமல் நேராகக் கல்லீரலுக்குப் போகும். தேங்காய் எண்ணெய்க்கு இந்தச் சிறப்பு உண்டு என்று விளம்பரங்களில் சொல்வார்கள். அதில் மிகுதியாக உள்ள லாரிக் அமிலத்தில் 12 கார்பன். அது பெரும்பாலும் நீள அமிலங்கள் போகும் வழியில்தான் போகிறது, எல்.டி.எல்-ஐயும் உயர்த்துகிறது.

இனி ட்ரான்ஸ் கொழுப்பு. இந்தக் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வடிவம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். திரவ எண்ணெயை நிக்கல் தூளோடு சூடாக்கி ஹைட்ரஜனைச் செலுத்தினால் இரட்டைப் பிணைப்புகள் நிரம்பி எண்ணெய் கெட்டியாகும். வில்ஹெல்ம் நார்மன் என்ற ஜெர்மன் வேதியியலாளர் 1902-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். விலை மலிவு, நெடுநாள் கெடாது, பலகாரத்துக்கும் பிஸ்கட்டுக்கும் நல்ல பதம் தரும். உலகம் முழுக்கப் பரவிவிட்டது. முழுவதும் நிரப்பாமல் பாதியில் நிறுத்தும்போதுதான் கோளாறு. நிக்கலின் மேல் பிணைப்பு திறந்து ஹைட்ரஜன் பிடிக்காமலே மறுபடி மூடிக்கொள்ளும்போது, சில பிணைப்புகள் திசை மாறி மூடிக்கொள்கின்றன. வளைந்திருந்த சங்கிலி ஏறக்குறைய நேராகிவிடும். இதுதான் ட்ரான்ஸ். ஒலெயிக் அமிலத்தின் ட்ரான்ஸ் வடிவம் எலெய்டிக் அமிலம். அதே அணுக்கள், அதே எண்ணிக்கை, அதே இடத்தில் இரட்டைப் பிணைப்பு. உருகுநிலை மட்டும் 13-லிருந்து 45 டிகிரி அருகே ஏறிவிடுகிறது.

பல பத்தாண்டுகள் இதை நிறைவுற்ற கொழுப்புக்கு நல்ல மாற்று என்றே மக்களுக்குச் சொல்லிவந்தார்கள். 1990-இல் நெதர்லாந்தின் மென்சிங்கும் காட்டானும் 59 பேருக்கு ஒலெயிக், ட்ரான்ஸ், நிறைவுற்றது என்று மூன்று விதக் கொழுப்பையும் மாற்றி மாற்றி, ஒவ்வொன்றையும் மூன்று வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். ட்ரான்ஸ் எல்.டி.எல்-ஐ உயர்த்தியது, கூடவே எச்.டி.எல்-ஐ (மிஞ்சிய கொலஸ்ட்ராலைக் கல்லீரலுக்குத் திருப்பிக் கொண்டுபோகும் வண்டி) இறக்கவும் செய்தது. நிறைவுற்ற கொழுப்புகூட அந்த இரண்டாவது வேலையைச் செய்வதில்லை. டென்மார்க் 2003-இல் முதல் நாடாகச் சட்டம் போட்டு, கொழுப்பில் 2 சதவீதத்துக்கு மேல் ஆலையில் உருவான ட்ரான்ஸ் கூடாது என்றது. உலக சுகாதார நிறுவனம் 2018-இல் எல்லா நாடுகளையும் இதை ஒழிக்கச் சொன்னது. பொட்டலத்தின் மேல் "பகுதி ஹைட்ரஜனேற்றப்பட்ட எண்ணெய்" என்று இருந்தால் எடுக்காதீர்கள். முழுவதும் ஹைட்ரஜனேற்றியது என்றால் அதில் ட்ரான்ஸ் கிட்டத்தட்ட இருக்காது, நிறைவுற்றதாகிவிட்டது என்று பொருள். அசைபோடும் மாடுகளின் பாலிலும் கொஞ்சம் ட்ரான்ஸ் இயற்கையாகவே உண்டு. அது சிறிதளவே என்பதால் அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

சாப்பாட்டுக்கு வருவோம். நிறைவுற்றது, நிறைவுறாதது என்பது அமிலத்துக்கு வைத்த பெயர், உணவுக்கு வைத்த பெயர் இல்லை. எந்த எண்ணெயும் ஒரு கலவைதான். ஆலிவ் எண்ணெயில் ஒலெயிக் சுமார் 70 சதவீதம் இருக்கும், அதிலும் நிறைவுற்றது ஏழில் ஒரு பங்கு உண்டு. பன்றிக் கொழுப்பு முழுக்க நிறைவுற்றது என்று பலர் நினைக்கிறார்கள், உண்மையில் அதில் மிகுதியாக இருக்கும் தனி அமிலம் ஒலெயிக்தான். பாமாயிலில் நிறைவுற்ற பால்மிடிக்கும் ஒலெயிக்கும் ஏறக்குறைய சம அளவு. நிறைவுற்றவையும் எல்லாம் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. லாரிக், மிரிஸ்டிக், பால்மிடிக் மூன்றும் எல்.டி.எல்-ஐ உயர்த்தும். ஸ்டீயரிக் பெரிதாக உயர்த்துவதில்லை.

கொழுப்பைக் குறைப்பது நல்லதா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, அந்த இடத்தில் எதை வைக்கப் போகிறீர்கள் என்பதுதான். நிறைவுற்றதை எடுத்துவிட்டுப் பல நிறைவுறா எண்ணெயை வைத்தால் இதயநோய் குறைகிறது. அதே இடத்தில் சர்க்கரையையும் தீட்டிய மாவையும் வைத்தால் எந்தப் பயனும் தெரிவதில்லை, இரத்தத்தில் டிரைகிளிசரைடு ஏறுவதும் உண்டு. "கொழுப்பு குறைத்தது" என்று அச்சிட்டு, சுவைக்காகச் சர்க்கரையைக் கொட்டிய பொட்டலங்கள் பலருக்குச் செய்த கெடுதல் இதுதான். நல்லது செய்கிறோம் என்று நம்பி வாங்கியவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

அளவு வேண்டும் என்றால் உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இது: பெரியவர்கள் உண்ணும் மொத்தச் சக்தியில் கொழுப்பு 30 சதவீதம் அல்லது அதற்குள், நிறைவுற்றது 10-க்குள், ட்ரான்ஸ் 1-க்குள், மீதி பெரும்பாலும் நிறைவுறாதது. நாளொன்றுக்கு 2,000 கிலோகலோரி சாப்பிடுபவருக்கு மொத்தம் சுமார் 67 கிராம், நிறைவுற்றது சுமார் 22 கிராம், ட்ரான்ஸ் 2 கிராம் என்று கணக்கு வரும். இந்த எண்ணிக்கையைக் கைக்குழந்தைகளுக்குப் பொருத்திவிடாதீர்கள். தாய்ப்பாலின் சக்தியில் ஏறக்குறைய பாதி கொழுப்பிலிருந்தே வருகிறது. மூளை வேகமாக வளரும் முதல் இரண்டு ஆண்டுகளில் கொழுப்பைக் குறைக்கக் கூடாது.

இன்னொன்று பாக்கி இருக்கிறது, எண்ணெய் கெடுவது. அதற்கும் வளைவுகள்தான் காரணம். இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவில் மாட்டியிருக்கும் கார்பனின் ஹைட்ரஜன் மிக எளிதில் பிடுங்கப்படும். அங்கே ஆக்சிஜன் புகுந்தால் அடுத்த மூலக்கூறையும் அது தாக்கும், சங்கிலித் தொடராகப் பரவும். ஒலெயிக்கைவிட லினோலெயிக் பத்து மடங்குக்கும் மேல் வேகமாகக் கெடும், லினோலெனிக் இன்னும் வேகம். ஆளிவிதை எண்ணெய் (ஓவியர்கள் வண்ணம் குழைப்பது இதில்தான்) காற்றுப் பட்டால் உலர்ந்து படலமாகிவிடுவது இந்த வேதிவினையால். அதை நனைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், வினையில் பிறக்கும் சூடு வெளியேற வழியின்றித் தானாகவே தீப்பிடிப்பதும் உண்டு. வைட்டமின் ஈ இந்தத் தொடரை நடுவில் அறுக்கும். விதைகள் தங்கள் எண்ணெயோடு வைட்டமின் ஈ-யையும் சேர்த்து வைத்திருப்பது அதற்காகத்தான்.

ஆகவே ஆரோக்கியத்துக்கு மிக நல்லது என்று சொல்லப்படும் எண்ணெய்தான் வாணலியில் மிக எளிதில் பாழாகும். பொரிப்பதற்கு ஒலெயிக் மிகுந்தது தாங்கும். இதற்கென்றே ஒலெயிக் மிகுதியாக வளர்த்தெடுத்த சூரியகாந்தி வகைகளும் உண்டு. எண்ணெய் எப்போது புகையும் என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். புகைநிலை, எண்ணெயில் கழன்று கிடக்கும் அமிலங்களைப் பொறுத்தது. ஆக்சிஜனைத் தாங்குமா என்பது வேறு கேள்வி. பொரித்த எண்ணெயையே திரும்பத் திரும்பக் காய்ச்சினால் ஆல்டிஹைடுகள் என்ற கெடுதலான பொருட்கள் சேரும், எண்ணெய் கொழகொழப்பாகும், நிறம் கறுக்கும். ஆளிவிதை எண்ணெயைச் சூடாக்கவே வேண்டாம். சிறு குப்பியாக, கறுப்புக் கண்ணாடியில் அடைத்ததாகப் பார்த்து வாங்கி, குளிர்பெட்டியில் வைத்து, சாப்பாட்டின் மேல் அப்படியே ஊற்றிக்கொள்ளுங்கள். திறந்த சில வாரங்களுக்குள் தீர்த்துவிடுங்கள். முகர்ந்து பார்த்தால் பழைய பெயின்ட் வாடையோ சிக்கு வாடையோ வந்தால், விலையைப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.